மணல் என்றார், கல் இருந்தது

ஆற்றில் இறங்கினால் என் கணவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். இருபது வருடமாக இதுதான் பழக்கம். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனால் என்னைவிட ஒரு சாண் உயரம். முன்னால் போகிறவர் காலால் தரையைத் தடவிப் பார்த்து, கீழே என்ன இருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். "கல்லு." "மணலு." "சேறு, பாத்து." "வேரு கெடக்கு." பின்னால் வருகிறவர் அதை நம்பிக் காலை எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் மீன் பிடிக்கப் போகும் சிற்றாறு ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் ஓடுகிறது. தண்ணீர் தே-ஓ நிறத்தில், பால் கலக்காத தேயிலைத் தண்ணீர் போல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் அவர் காலை நம்பித்தான் இருவரும் நடந்தோம்.

அவருடைய இடது காலில் இப்போது மூன்று விரல்கள் இல்லை. பாதத்தின் ஓரத்தில் ஒரு துண்டும் இல்லை. அது போனதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மீன் பிடிக்கிறவர்கள் சிலர் மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை போடுவார்கள். தண்ணீர் உள்ளே வராது. சிங்கப்பூரில் ஒரு கடையில் அதைப் பார்த்தோம். கடைக்காரர் இவரிடம் நீட்டியதும் இவர் சிரித்துவிட்டார். "இதப் போட்டுக்கிட்டு நம்ம ஊரு வெயில்ல நின்னா இட்லி மாதிரி வெந்துருவோம் லா," என்றார். எங்களுக்கு அது தேவையும் இல்லை. பனி பெய்கிற நாட்டில் அது உயிரைக் காக்கலாம். இங்கே பதினோரு மணி வெயிலில் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி வந்து, அப்படியே தண்ணீரில் இறங்கும்போது, தலை கொதித்துக்கொண்டிருக்க முழங்கால் குளிர்ந்து போகும். அதற்காகத்தான் போவதே. மீன் இரண்டாம் பட்சம்.

எங்கள் சீருடை எல்லாம் வீட்டிலேயே கிடைத்ததுதான். சீக்கிரம் காயும் விளையாட்டுக் கால்சட்டை. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் பந்து விளையாடுகிறவர்களின் காலுறை. காலில் பிள்ளைகள் பள்ளிக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்து, பெரிய அளவில். அந்தச் சப்பாத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாளி தூக்குகிற மாதிரி இருக்கும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அடிப்பாகத்திலும் ஓரத்திலும் ஓட்டை போட்டார். தண்ணீர் வடிந்துவிடும். எனக்கும் ஒரு ஜோடி செய்து கொடுத்தார். சமையலறை முழுக்க ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது என்று நான் இரண்டு நாள் திட்டினேன். சப்பாத்து என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கரையேறியதும் இன்னொரு பழக்கம் உண்டு. காரின் பின்கதவைத் திறந்து விளிம்பில் உட்கார்ந்து, ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். அட்டை கடித்தால் வலிக்காது. நம் காலை நாமே பார்த்தால் பின்பக்கமும் விரலிடுக்கும் தப்பிவிடும். அதனால் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, குதிகாலிலிருந்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்ப்போம். கையில் ஒரு பொட்டலம் உப்பு. காலை நீட்டிக்கொண்டிருப்பவர் சும்மா இருக்க மாட்டார். "நல்லாப் பாரு," என்று அதிகாரம் பண்ணுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், என் காலை அவரும் அவர் காலை நானும் அங்கே பார்த்த அளவுக்கு வீட்டில் பார்த்ததில்லை.

அவர் பஸ் ஓட்டுநர். நாங்கள் இருக்கும் தெப்ராவிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் சிங்கப்பூர் பாலத்தைக் கடப்பார். நான் தெப்ராவிலேயே ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். கையில் வரும் ஒவ்வொரு பொருளிலும் கீறல், ஓட்டை, நிற வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசர் சொல்வார். மகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மாத்திரை போடுவார், கிளினிக்குக்குப் போவார், கல்யாண வீட்டில் லட்டு சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து முழிப்பார். அதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. கால் போன அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு மாதா கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு ஆட்களைத் தேடினார்கள். பங்குச் சாமியாரே எங்கள் வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டார். முன்பு இரண்டு முறை உட்கார்ந்தவர்தான். இந்த முறை, "வேற ஆளப் பாருங்க ஃபாதர், எனக்கு வேல இருக்கு," என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாமியாரையே திருப்பி அனுப்புகிற அளவுக்குத் திமிரா என்று நான் கத்தினேன். அவர் காலில் தண்ணீர் ஊற்றினால் அது சூடா குளிரா என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் கோபக்காரி. கோபம் வந்தால் கத்துவேன், அது பரவாயில்லை. கத்தி முடித்த பிறகு பேசாமல் இருப்பேன், அதுதான் மோசம். மூன்று நாள், நான்கு நாள். சோறு போடுவேன், துணி துவைப்பேன், வாயை மட்டும் திறக்க மாட்டேன். அவரும் விட்டுப் பிடிப்பார். ஐந்தாவது நாள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அப்படியே காலம் ஓடியது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, இருவருக்கும் விடுமுறை. மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது. தண்ணீர் குறைவாக, வெதுவெதுப்பாக ஓடியது. காலையில் இறங்கி மேல்நோக்கி நடந்தோம். வழக்கம்போல் அவர் முன்னால், கையில் ஒரு மூங்கில் கம்பு. தோட்டத்தில் மட்டை வெட்டுகிறவர்கள் சில நேரம் மட்டையை ஆற்றோரமாகவே தள்ளிவிடுவார்கள். செம்பனை மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். அது ஊறி, தண்ணீருக்கடியில் மணலில் புதைந்து கிடக்கும். அந்த இடங்களை அவர் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். "மட்டை. சுத்தி வா." அந்த ஒரு வருடமாக அப்படிச் சொல்வது குறைந்திருந்தது. மட்டையும் குறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவுக்கு அருகில் என் தூண்டிலில் ஒரு செபாராவ் மாட்டியது. உடம்பில் கறுப்புப் பட்டையும் வாலில் சிவப்பும் உள்ள மீன், இழுத்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். நான் பிடித்ததிலேயே அதுதான் பெரியது. மீன் நீரோட்டத்தில் மேலே ஓட, நானும் கூடவே போக வேண்டியிருந்தது. "கீழ என்ன?" என்று கத்தினேன். "மணலு. தைரியமா வா," என்றார். நம்பி வேகமாகக் காலை வைத்தேன். பாசி பிடித்த கல். கால் வழுக்கி, முழு உடம்பும் தண்ணீருக்குள் போய்விட்டது. வாயிலும் மூக்கிலும் தண்ணீர். அவர் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். எழுந்து பார்த்தால் தூண்டில் கோல் இரண்டாக முறிந்திருந்தது. மீன் போய்விட்டது.

"அலமாக், கல்லா?" என்றார் அவர். அப்படிக் கேட்டது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. இரண்டு அடிக்கு முன் அதே இடத்தில் நின்றவர் அவர். வேடிக்கை பார்க்கத்தான் அப்படிச் சொன்னார் என்று முடிவே கட்டிவிட்டேன். "நான் முழுகிச் செத்தாத்தான் ஒங்களுக்குச் சிரிப்பா இருக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் விழுந்ததால் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கரைக்கு வந்தேன். பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, என் சப்பாத்தை நானே கழற்றி, என் காலை நானே பார்த்துக்கொண்டேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். "என் காலப் பாக்கலயா?" என்று கேட்டார். நான் உப்புப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஈரச் சப்பாத்தோடு அப்படியே ஏறி வண்டியை ஓட்டினார். வீடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் பாதத்தில் அப்போது ஒரு முள் இருந்தது. அவர் தண்ணீர் வடியப் போட்டிருந்த ஓட்டை வழியாக ஏறி, பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் ஒடிந்து நின்றுவிட்டது. நான் ஒரு நிமிடம் அந்தக் காலை மடியில் வைத்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ரத்தம் காலுறையில் இருந்திருக்கும். தொழிற்சாலையில் தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

அந்த முறை வீம்பில் நான் அவர் துணியையும் துவைக்கவில்லை. அவரே மெஷினில் போட்டுக்கொண்டார். சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் காலுறை மாட்டி, சப்பாத்து போட்டு, பஸ் ஓட்டினார். திங்கள் மாலை வேலை முடிந்து வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கால்மாட்டில் போய் நின்றபோது ஒரு நாற்றம் வந்தது. நான் காலுறையை உருவினேன். அதன் பிறகு கோபமாவது ஒன்றாவது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண். முள்ளை எடுத்து ஒரு சிறிய தட்டில் வைத்தார். தீக்குச்சியில் பாதி இருக்கும். எப்போது குத்தியது என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ஆற்றில்தான் குத்தியிருக்கும் என்று நான் சொன்னேன். மூன்று நாளாகவா, வலிக்கவில்லையா என்று கேட்டார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை என்று மலாயில் சொன்னார். எவ்வளவு நாளாக? "சத்து தாஹுன்," என்றார். ஒரு வருடம். டாக்டருக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் எனக்கும் தெரிந்தது.

முதலில் பெருவிரல் போயிற்று. ஒரு வாரம் கழித்து அடுத்த இரண்டு. பிறகு பாதத்தின் ஓரம். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டுவார்கள், முழுக் காலும் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஐந்து வாரம் அந்த ஒரே கேள்விதான்: கால் தங்குமா, தங்காதா. கடைசியில் தங்கியது. முதல் நாளே வந்திருந்தால் ஒருவேளை சுத்தம் செய்து ஊசி போட்டு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் சொன்னார். அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்டவள் நான்தான்.

வார்டில் ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அவரிடம் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட போகச் சொல்லுவ. டாக்டர் எழுதிட்டா லைசென்ஸ் போயிடும்."

"பஸ்ல நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. பிரேக்கு தெரியாத காலோட ஓட்டுனீங்களா?"

"கணுக்காலுக்கு மேல தெரியும் லா. குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிப்பேன்."

அந்த நாற்பது பேரில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அவர்களும் மனிதர்கள். திட்ட வாயெடுத்தேன், கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்டேன்.

"ஆத்துல? அங்க எப்படிச் சொன்னீங்க, கல்லு, மணலுன்னு?"

"பழகின ஆறுதானே. ஞாபகத்துல சொல்லுவேன். கம்பால தட்டிப் பாப்பேன்," என்றார். பிறகு, "நீ விழுந்த அன்னிக்கித்தான் பயம் வந்துச்சு. ஒன்னக் கொன்னுருப்பேன்," என்றார். அன்றைக்கே கரையில் என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாராம். அதற்காகத்தான் காலைப் பார்க்கச் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பஸ் ஓட்டவில்லை. லைசென்ஸை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே கம்பெனியில் உட்கார்ந்து பஸ்களுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். ஆனால் காலை மட்டும் என்னிடம் காட்டவில்லை. கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போனால் என்னை வெளியே உட்காரச் சொல்வார். புண் ஆறிய பிறகும் படுக்கையில்கூடக் காலுறையோடுதான் தூங்கினார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் காலுறை மாற்றுவார். நான் ஒரு தடவை நேரடியாகவே சொல்லிவிட்டேன், "அன்னிக்கி நான் பாக்காதது தப்புங்க. மன்னிச்சிருங்க," என்று. "விடு," என்றார். அவ்வளவுதான். நான் பார்க்க வேண்டிய நாளில் பார்க்கவில்லை, இனி எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஏழு மாதம் அப்படிப் போனது. எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

போன மாதம் ஒரு காலையில், "ஆத்துக்குப் போலாமா?" என்று அவரே கேட்டார். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நான் கரையில உக்காந்திருக்கேன். நீ எறங்கு," என்றார். எனக்கு மனம் இல்லை. அவர் ஆசைப்படுகிறாரே என்று கிளம்பினேன். கார் நான்தான் ஓட்டினேன்.

பின்கதவைத் திறந்து விளிம்பில் அவரை உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். புதுச் சப்பாத்து, அடி தடிமனாக, ஓட்டை எதுவும் இல்லாதது. கையில் அவருடைய மூங்கில் கம்பு. எனக்கு முன்னால் யாரும் இல்லை. முழங்கால் வரை வந்ததும் நின்றுவிட்டேன். வெயில் அதே வெயில், தண்ணீர் அதே நிறம். அவர் கரையிலிருந்து கத்தினார்.

"அங்கேருந்து மூணு அடி மணலுதான். தைரியமா போ."

கம்பை ஊன்றிக் காலை நகர்த்தினேன். மணல் இல்லை. இடையில் எத்தனையோ மழை பெய்து, ஆறு தன் தரையை மாற்றிக்கொண்டுவிட்டது. கால் ஒரு கல்லில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணல்தான் என்று சொல்லிவிடலாம், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் இங்கே வந்து நிற்கிறோம்.

"இல்லீங்க. கல்லு," என்று கத்தினேன்.

அவர் இன்னும் முன்னால் சாய்ந்தார். பிறகு, "என்ன மாதிரி கல்லு?" என்று கேட்டார்.

"தட்டையா இருக்கு. பாசி இருக்கு. ஓரம் கூர் இல்ல."

"சரி. அதுக்கு அந்தப் பக்கம்?"

"பொறுங்க." காலால் தடவினேன். "சின்னக் கல்லு. அப்புறம் சேறு. சேத்துக்கு அடியில என்னவோ மெதுவா இருக்கு, எல போல."

அப்படியே வளைவு வரை போனேன். ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன், அவர் ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று கேட்டார். குளிரா, சூடா. வழுக்குதா, பிடிக்குதா. தூண்டிலைத் தூக்கிப் போடவே மறந்துவிட்டேன். அழுதுகொண்டுதான் நடந்தேன். அவருக்கு அங்கிருந்து தெரிந்திருக்காது.

கரைக்கு வந்ததும், "கால நீட்டு," என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் காலை மடியில் வைத்து, குதிகாலிலிருந்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். கெண்டைக்காலில் ஒரு அட்டை இருந்தது. உப்பைத் தடவி விழவைத்தார். இரண்டு காலையும் முடித்துத் துண்டால் துடைத்துவிட்டார். நான் எழுந்திருக்கப் போனேன்.

"எங்க போற? என் காலப் பாக்க வேணாமா?"

அவர் காலில் ஈரம்கூட இல்லை. குனிந்து, தனியாகச் செய்து வாங்கிய அந்தச் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

வலது பக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. தையல் போட்ட இடம் சிவந்து, இழுத்துக் கட்டியது போல் இருந்தது. மிச்சம் இரண்டு விரல்கள். இரண்டையும் விரித்துப் பார்த்தேன். அடிப்பாதத்தைத் திருப்பி, தழும்பின் ஓரம் முழுக்க விரலால் தடவினேன். குதிகாலைப் பார்த்தேன். எங்கேயும் கீறல் இல்லை, முள் இல்லை. அவருக்கு என் கை பட்டது தெரிந்திருக்காது, அதனால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்ட இல்லீங்க," என்றேன்.

"நல்லாப் பாரு," என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.